நிறுத்தி வைத்த காற்று மோட்டார்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நான் வேலை பார்க்கிற கழிவுநீர் நிலையத்துக்கே வந்துவிட்டாள். அவளுடைய விடுதி எங்கள் சுவருக்கு நேர் மேலே, சரிவில். "டேய், உன் மோட்டார் சத்தத்துல வந்தவங்க தூங்க முடியாம ஓடுறாங்கடா. நாலே நாலு ராத்திரி நிறுத்து. உன்னைப் படிக்க வெச்சவ கேக்கறேன்."

அந்த மோட்டார்தான் தொட்டிக்குக் காற்று ஊதுகிறது. காற்று இல்லையென்றால் அழுக்கைத் தின்கிற கிருமிகள் மூச்சுமுட்டிச் சாகும். தெரியாதா எனக்கு? தெரியும். சரி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பதிவேட்டில் 'மோட்டார் 24 மணி நேரம்' என்று எழுதினேன். ராத்திரியெல்லாம் அது நின்றுதான் கிடந்தது.

மார்ச் 7, சனி

போச்சு. தொட்டி முழுக்கக் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம்.

எங்கள் தண்ணீர் போய்ச் சேர்கிற ஓடையில் குளிக்கிற கீழூர்க்காரர்கள் பாட்டிலில் கறுப்புத் தண்ணீரோடு ஏறி வந்தார்கள். நிலையத்தை நடத்துகிற ஊர்க் குழுவின் தலைவர், "என்னப்பா ஆச்சு?" என்றார். "மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றேன் – மோட்டாரைப் பற்றி யார் கேட்டார்கள்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. "பால் பண்ணைக்காரர் மோரையும் கழிவையும் சாக்கடையில கொட்டியிருப்பாரு" என்றது ஒரு குரல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கலாம்" என்றேன். ஒரே ஒரு சொல்.

மார்ச் 9, திங்கள்

பண்ணையின் கழிவுக் குழாயை அடைத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவ வழியில்லை, பண்ணை மூடல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

பண்ணைக்காரர் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்தார், கைகட்டி நின்றார். "தம்பி, தினம் அளந்து எழுதறவன் நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பொண்டாட்டியைப் போட்டு அதட்டிட்டேன், நீதான் கொட்டினியான்னு. அழுவுறா."

ஐயோ, திட்டியிருக்கக் கூடாதா மனுஷன்!

மார்ச் 10, செவ்வாய்

அக்கா சாப்பாடு அனுப்பியிருந்தாள். தொடாமல் மூடி வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

தயிருக்கு உறை ஊற்றுவது போல, செத்த தொட்டிக்குக் கிருமி உயிரோடிருக்கிற கசடு ஊற்ற வேண்டும். அது அடுத்த மலை நிலையத்தில் இருக்கிறது. அந்த நாற்றத்தை ஏற்ற யார் வண்டி கொடுப்பார்கள்? பண்ணைக்காரர் பால் வேனைக் கொண்டுவந்தார். "ஏத்திக்கோ தம்பி. இனி இதுல பாலா ஏத்தப்போறேன்? என்னால கெட்டுது, நானே சரிபண்றேன்."

திரும்பும்போது மூன்றாவது வளைவில் தாங்கவில்லை. "அண்ணே, நிறுத்துங்க" என்றேன். சொன்னேன். எல்லாம். அக்கா கேட்டது, நான் நிறுத்தியது, பொய்யாக எழுதியது.

வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

"பின்னாடி இருக்கறது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இன்னும் ஒரு மணி நேரம்."

வண்டியைக் கிளப்பினார். நேரே நிலையத்துக்கு விட்டார். டிரம்களைத் தொட்டியில் கவிழ்த்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தலைவர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

மார்ச் 13, வெள்ளி

கூட்டத்தில் சொன்னேன். அக்கா முன்வரிசையில் இருந்தாள். "யார் சொல்லி நிறுத்தினே?" என்றார் தலைவர். நிறுத்தியது நான்தான் என்றேன். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, தெரியவில்லை.

மார்ச் 30, திங்கள்

கசடு பழுப்புக்குத் திரும்பிவிட்டது. நாற்றம் இல்லை. பண்ணையும் திறந்தாயிற்று.

வேலையிலிருந்து என்னைத் தூக்கவில்லை. இந்த மலைக்கு வேறு ஆள் வரமாட்டான். ஆனால் பதிவேட்டில் இனி தினமும் இரண்டாவது கையெழுத்து வேண்டும். பண்ணைக்காரருடையது. காலையில் வருகிறார். தம்பி என்பதில்லை, "ஆபரேட்டர்" என்கிறார்.

இன்று நான் எழுதி முடித்து நோட்டை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. நேரே போய் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் பேனாவை வாங்கினார்.