படத்துக்குக் கீழே ஒரு பெயர்

ஆகஸ்ட் 12, 2004. வியாழன்.

செத்துப்போன அம்மாவுக்கு இருப்பது ஒரே படம். அதுவும் ரயில் பைத்தியம் பிடித்த ஒரு வெள்ளைக்காரரின் இணையத்தளத்தில். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குப் பின்னால் மேட்டில், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கிறாள். முப்பத்தோராம் நாள் அஞ்சலி அட்டையில் போட அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். "சும்மா எடுத்துப் போடுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்றார் இன்டர்நெட் கடை அக்கா. எனக்கு மனசு வரவில்லை.

இன்று பதில் வந்தது. தாராளமாகப் போடலாமாம். அம்மாவின் பெயரைச் சொன்னால் தளத்திலும் படத்துக்குக் கீழே எழுதுவாராம். உடனே ராமாயி என்று தட்டி அனுப்பினேன். அது தோட்டத்துச் செக்ரோலில், ஆள் பதியும் புத்தகத்தில், இருக்கும் பெயர், கணக்கப்பிள்ளை கூப்பிடுவது.

அப்பா கூப்பிட்டது பொன்னு. அறைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பாவும் போய்விட்டார். அந்தப் பெயர் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். நானே மறந்துவிட்டேன்.