நீ பொட்டு வைக்காத இயந்திரங்கள்

நேற்றுச் சாயங்காலம் என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசம் உள்ளே வந்ததும் கையைப் புளித்தண்ணீரிலேயே விட்டுவிட்டு நின்றேன். செத்துப்போனவர்களை மற்றவர்கள் மல்லிகையிலும் ஊதுவத்தியிலும் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்த சிநேகிதி நீ, நகப்பூச்சு வாசத்தில் வந்து நிற்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "ஜன்னலத் திறந்து வச்சிப் போடக் கூடாதா?" என்று பிள்ளையின் மேல் எரிந்து விழுந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வயிறு வலிக்கிறது என்று நீ சொன்னபோதே ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்று தொண்டை கிழியக் கத்தினேன். "இந்த ஆர்டர் முடியட்டும் லா" என்றாய். ஆர்டர் முடிந்தது, நீயும் முடிந்தாய். போகட்டும். இன்றைக்கு நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் முழுசாகப் புரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் தெப்ராவில் அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில் அங்கே ட்ரோன் என்ற பேச்சே இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் பிறகுதான் வந்தது. பூட்டி முடித்த இயந்திரத்தைச் சோதனைக் கூடத்தில் நீ பறக்க விடுவாய். அது ஆடினால், சாய்ந்தால், நான் கணினியில் அளவுகளை மாற்றிச் சீர் பண்ணுவேன். "உன் புள்ள கோணலா நடக்குது, வந்து பாரு லா" என்று கூப்பிடுவாய். ஒழுங்காகப் பறந்தால் உன் பிள்ளை, கோணினால் என் பிள்ளை. நல்ல நியாயம்!

முதல் வெள்ளோட்டம் உன் ஊர்ப் பக்கம், லாபிஸில் ஒரு செம்பனைக் காட்டில் நடந்தது. உன் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். வயசுக் காலமெல்லாம் மருந்து டாங்கியை முதுகில் சுமந்து, வரிசை வரிசையாக மரத்தடியில் அடித்தவர்கள். கையில் தோல் உரிந்து உரிந்து ரேகை கூட மிச்சமில்லை. புறப்படும் முன் நீ குனிந்து, இயந்திரத்தின் மூக்கில் இருந்த சின்னக் கறுப்புக் கண்ணாடியில் ஒட்டிய சேற்றைத் துப்பட்டாவால் துடைத்தாய். "தரை எவ்ளோ தூரம்னு இதுதான் பாக்கும். அழுக்குப் பட்டா இதுக்குக் கண்ணு தெரியாது, எழும்பவே எழும்பாது" என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு. ட்ரோன் டாங்கியைச் சுமந்து மரங்களுக்கு மேலே போவதை அண்ணாந்து பார்த்த அம்மா, "இதுக்கு முதுகு வலிக்காதாம்மா?" என்று கேட்டார்கள். நீ பெரிதாகச் சிரித்தாய். அப்புறம் லாரிக்குப் பின்னால் போய் அழுதாய். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நம் மேசை, திருப்புளி, கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, ட்ரோனுக்கும் வைத்தாய். விசிறி சுற்றியதும் குங்குமம் பறந்து நம் கண்ணிலேயே விழுந்தது. நீ விடுகிற ஆளா? நிறமில்லாத நகப்பூச்சில் குங்குமத்தைக் குழைத்து, ஒரு பழைய தைல டப்பியில் வைத்துக்கொண்டு, பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பொட்டு. காய்ந்த பிறகு மழைக்கும் அசையாது, காற்றுக்கும் அசையாது.

நம் முதலாளி தவுக்கே, லாபிஸில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. கடைத் தமிழ் சரளமாக வரும். பொட்டு வைத்துப் போன இயந்திரங்களில் ஒன்று கூடப் புகார் என்று திரும்பி வரவில்லை என்றதும் மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் அடைக்கும் முன் தானே மூடியைத் திறந்து பார்ப்பார். "சிகப்பு வச்சாச்சா?" வைக்கவில்லை என்றால் லாரி நகராது. பெட்டி கட்டும் ரொஹானா அக்கா கூட, நீ லீவு போட்டால் பிஸ்மில்லா சொல்லிவிட்டுத் தானே பொட்டு வைத்துவிடுவாள்.

அப்போதுதான் ட்ரோன் வாங்க வேண்டும் என்று அந்த இரண்டு பேர் வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, எந்த ஊர் என்று பிடிபடாத பேச்சு. மழை, இலை, பூச்சி என்று ஒரு கேள்வி இல்லை. ஓடுகிற ஒன்றைக் கேமரா விடாமல் பிடிக்குமா, சிக்னலை யாராவது தடுத்தாலும் தானாகப் போகுமா, பாரத்தை ஒரேயடியாக இறக்கினால் ஆடாமல் நிற்குமா? அந்தக் கடைசிக் கேள்வியில் நீ என்னைப் பார்த்தாய். அவர்கள் போனதும் என் காதில், "மருந்து சொட்டுச் சொட்டாத்தானே டீ இறங்கும்? ஒரேயடியா இறங்குறது என்ன மருந்து?" என்றாய்.

கேன்டீனில் நீ கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாய். எங்கோ ஒரு நாட்டுச் சண்டை. வயலில் ஒருவன் ஓடுகிறான், மேலே ஒரு ட்ரோன் அவன் கூடவே போகிறது. மேடு வந்தால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, தரையோடு ஒட்டி. "நம்ம புள்ள நடை மாதிரியே இருக்கு, பாரு" என்றாய். நம்முடையது இல்லை, அது நமக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நாம் இரண்டு பேரும் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

அந்தச் சமயம்தான் நமக்கு நித்தமும் பாகம் மாற்றும் வேலை. ஒரு பெரிய நாட்டின் சிப் உள்ளே இருந்தால் இன்னொரு பெரிய நாடு தொடாது. இவன் மோட்டார் இருந்தால் அவன் வாங்க மாட்டான். கழற்று, மாற்று, திரும்ப மாற்று. "சண்டை அவங்களுக்கு, கை வலி நமக்கு" என்று திட்டிக்கொண்டே திருப்புளியைச் சுழற்றுவாய். நான்தான் கேட்டேன், நம் நாட்டுக்கும் காவல் வேண்டாமா, நாளைக்கு எவனாவது கடல் தாண்டி வந்தால் என்ன செய்வது என்று. நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய். "காவலுக்குன்னா இந்த நாடு, இந்தப் பட்டாளம்னு சொல்லிட்டு வரட்டும், அப்ப பேசலாம். இவனுங்க எங்க போவுதுன்னே சொல்லலையே. இனிமே சண்டைக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க டீ, பெட்டில போட்டு அனுப்புவாங்க. யாரு கொன்னதுன்னு கேட்டா, யாருமே இல்லம்பாங்க."

அந்த இரண்டு பேருக்கு மாதிரிக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை பூட்டியாயிற்று. தவுக்கே வந்து, "சிகப்பு?" என்றார்.

"வைக்க மாட்டேன், தவுக்கே."

"அலமாக்! ஒரு சொட்டு லா. சாமி கோவிச்சுக்காது லா."

"எங்கம்மா முதுக நெனச்சு வச்ச பொட்டு இது. இன்னொருத்தி புள்ள தலையில குண்டு போடுறதுக்கு வைக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் கையைக் கட்டிக்கொண்டேன். ரொஹானா அக்கா கழிப்பறைக்குப் போய்விட்டாள், அவள் கெட்டிக்காரி. ஒரு வாரம் அந்தச் சாம்பல் வரிசை தார்ப்பாய்க்குள் கிடந்தது. பொட்டில்லாமல் அனுப்ப மனிதருக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். நீ தார்ப்பாயை உதறி மடித்து வைத்த அழகு இருக்கிறதே, ஏதோ கல்யாணப் புடவையை மடிக்கிற மாதிரி.

இப்போது தவுக்கே வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கம்பெனி அவர் மகன் கையில். வெளிநாட்டில் வியாபாரம் படித்தவன். மரியாதையான பையன், என்னை "காக்" என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். நீ செய்த வேலையும் நான் செய்த வேலையும் இரண்டும் இப்போது என் தலையில். போன வாரம் தார்ப்பாய் திரும்பவும் வந்தது, உள்ளே புதிய சாம்பல் வரிசை. அவன் மலாயில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன்: "இதுக்கு ஓட்ட ஆளே வேண்டாம் காக். யாரைப் பிடிக்கணும்னு இதுவே முடிவு பண்ணும். நீங்க பாரம் இறங்கும்போது ஆடாம மட்டும் பண்ணிக் குடுங்க, திங்கக்கிழமை வந்து பாக்குறாங்க." கெலாங் பாத்தாவில் என் வீட்டுக்குப் போகும் வழியில் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கணினிகள்தான் இருந்து படிக்கின்றன என்கிறார்கள். என்ன படிக்கின்றன என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது, யாரைப் பிடிப்பது என்பதையும் இங்கேதான் படிக்கின்றனவோ என்று முதல்முறையாக அவற்றை அண்ணாந்து பார்த்தேன்.

"எனக்கு முடியாது தம்பி" என்றேன்.

"நாம செய்யலன்னா இன்னொருத்தன் செய்வான்."

"செய்யட்டும். அவன் கையப் போய் நான் புடிக்க முடியாது. இது என் கை."

"அப்ப திங்கக்கிழமையோட உங்க வேலைப் பாஸைக் குடுத்துட்டுப் போங்க" என்றான். சத்தம் போடாமல்தான் சொன்னான். ஐம்பது தாண்டியவளை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று நினைத்து இரண்டு ராத்திரி புரண்டேன். மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க? நேற்று அந்த வாசம் வந்து நிற்கும் வரைக்கும் மனசு அப்படியும் இப்படியும்தான் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மகளிடம் நிறமில்லாத பூச்சை வாங்கி, காய்ந்து கிடந்த உன் டப்பியில் ஊற்றி, புதுக் குங்குமம் போட்டுக் குழைத்தேன்.

இன்று காலை முதலில் மருந்து ட்ரோன்களுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். அப்புறம் பாஸைக் கழற்றி மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பையனின் கைப்பேசி அடிக்கிறது. அப்பா. படுக்கையிலிருந்து குழறிக் குழறி, "சிகப்பு... வச்சாச்சா? படம் அனுப்பு." மருந்து ட்ரோன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறான், பாவி. "காக், வச்சிடுங்க" என்றான். வெளியே, பார்க்க வருகிறவர்களின் கார் வந்து நின்றுவிட்டது. "வைக்க மாட்டேன் தம்பி" என்றேன். வெடுக்கென்று என் கையிலிருந்து டப்பியைப் பிடுங்கினான். படத்தில் தெரிய வேண்டுமே! மூடிக்குள் வைத்தால் எப்படித் தெரியும்? ஒவ்வொன்றின் முகத்திலும், மூக்கு நடுவில் பளபளவென்று இருந்த அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடி மேல், நெற்றி என்று நினைத்து, அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டே போனான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலைதான் முடிந்துவிட்டதே.

காலி டப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ரொஹானா அக்காவின் குரல் பதிவு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கிசுகிசுக்கிறாள்: "தாக் மாவு நாயிக் லா! ஒண்ணு கூட எழும்ப மாட்டேங்குது!" தரை எங்கே என்று தெரியாமல், விசிறியைச் சுற்றக்கூட மறுத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தனவாம், வந்தவர்கள் கண்ணெதிரே. பஸ் நிறுத்தம் என்றும் பார்க்காமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போய் நின்றாள்.

நாளைக்கு யாராவது துடைத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாதா? வேறு எவனாவது சீர் பண்ணியும் கொடுப்பான். ஆனால் அந்தப் பாரம் இறங்கும்போது ஆடாமல் நிற்கிற வித்தை என் கையிலிருந்து போகாது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு மாட்டேன்தான். அதை இன்று நானே சொன்னேன். டப்பி இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. விரல் நுனியெல்லாம் உன் வாசம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடிக்கிறது. பையன்தான். ஏன் பறக்கவில்லை என்று கேட்பான். மூன்றாவது தடவையாக அடிக்கிறது. அடிக்கட்டும், நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.