மரை வேட்டையும் நாலாவது பங்கும்

ஹம்,
17 நவம்பர்

அன்பு மகன் டெனிஸ்டனுக்கு,

மாதா துணையில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது, காரணம் கீழே வரும். வினிப்பெக்கில் இப்போதே பனி கொட்டுவதாக உன் தங்கச்சி லவினியா சொன்னாள். நீயும் சுகமாய், காதை மூடிக்கொண்டு திரிவாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசத் தொடங்கினால் அப்பா பக்கத்து அறையில் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை நாங்கள் வேட்டைக்குப் போனோம். சிரிக்காதே. லவினியா விரும்பியிருக்கிற இந்த ஊர்ப் பெடியன் யோனாசின் வீட்டார் சவுவர்லாண்ட் காட்டில் வருசாவருசம் மரை வேட்டை வைக்கிறவர்கள். மரை என்று நாங்கள்தான் சொல்கிறோம், இங்கத்தைய கொம்பு மான், எங்கள் வன்னி மரைக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. இந்த முறை எங்களையும் கூப்பிட்டார்கள். ஈஸ்டரிலிருந்து அப்பா யோனாசோடு ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். கலியாணப் பேச்சை எடுத்தால் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவார். கிறிஸ்மசுக்குள் அப்பா ஓம் என்று சொல்லாவிட்டால் அவரில்லாமலே கலியாண எழுத்தை முடித்துவிடுவேன் என்று தங்கச்சி என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள். எனக்கு இரண்டு பக்கமும் பயம். அதனால் ஒரு சின்னப் பொய். அப்பாவின் பக்டரிக் கூட்டாளி சிற்றம்பலம் அண்ணைக்கு மரை இறைச்சியில் ஆசை, தனியப் போகக் கூச்சம் என்று அப்பாவிடம் சொன்னேன். அண்ணையிடம் அதையே மாற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

சுடுகிற துவக்குக்காரர் காட்டின் ஓரங்களில் போய் நின்றார்கள். எங்களுக்குச் செம்மஞ்சள் அங்கி தந்து, வரிசையாக உள்ளே நடந்து சத்தம் போடச் சொன்னார்கள், மிருகம் எழும்பி ஓடவேணுமாம். எல்லாரும் ஹோ ஹோ என்கிறார்கள். அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு அரோகரா என்று ஒரு குரல். அப்பா விடுவாரா, மரியே வாழ்க என்று மற்றப் பக்கத்திலிருந்து. கோயில் தேரும் மாதா சுருவ ஊர்வலமும் ஒரே ஒடுங்கின ஒழுங்கையில் எதிரெதிரே வந்த மாதிரி. பக்கத்தில் நடந்த யோனாஸ் அது என்ன என்று கேட்டான். ஜெபம் என்றேன். அப்பா பள்ளத்தில் காலை விட்டதும் அந்த நேரம்தான். வெடி ஒன்று கேட்டது.

மரையை ஊசியிலைக் கொப்புகளில் கிடத்தி, வாயில் ஒரு சின்னக் கொப்பு வைத்து, தொப்பியைக் கழற்றிக் கொம்பு ஊதினார்கள். செத்த மிருகத்துக்கு மரியாதை. கொம்பு ஊதி முடிய முதலே அண்ணை அப்பாவைப் பார்த்து, சூசை, ஈரலை எத்தினை பங்கு போடுறம் என்று கேட்டார். அப்பா அதற்குள் ஈரல் கிடந்த வாளிக்குக் கிட்டப் போய்விட்டார். பக்கத்தில் கிடந்த கத்தியால் ஈரலை இரண்டாக்கியும் விட்டார். கொம்பு பாதியில் நின்றது. தங்கச்சியின் முகம் செத்துப் போச்சு. ஈரல் சுட்டவருக்கு உரியது, அதுதான் இங்கத்தை வழக்கம் என்று யோனாஸ் மெதுவாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்க அப்பா யோனாசின் தகப்பனைத் தேடினார். அந்த மனுசன் தேத்தண்ணிப் போத்தல்களோடு நிற்கிறது. சுட்டது யோனாசின் தாய், கிறிஸ்டா. என் தோளுயரம்கூட இல்லை. கையை உயர்த்திக் காட்டினா.

அப்பா ஈரலை இரண்டு கையாலும் நீட்டினார், காணிக்கை கொடுக்கிற மாதிரி. கிறிஸ்டா வெட்டின இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. போன கிழமை சுட்டது ஒன்று தோலுரித்துக் குளிரறையில் தொங்குகிறது, இவ்வளவு நேராக வெட்டுகிறவர் அதை வெட்டித் தரட்டும், எல்லாரும் கொண்டு போகலாம் என்றா.

நாங்கள் கிறிஸ்மசுக்கு ஆடு பங்கு போடுவது ஞாபகம்தானே. ஒரு வீட்டுக்கு ஒரு குவியல். எலும்பும் கொழுப்பும் எல்லாவற்றிலும் சமன். கலியாணம் கட்டாததுகளுக்குப் பங்கு இல்லை, தாய் தகப்பனின் சட்டியில் சாப்பிட வேணும். அப்பா மேசையில் பொலித்தீன் விரித்து வெட்டினார். யோனாஸ் பிடித்துக் கொடுத்தான். பிடி, திருப்பு, உப்பிடி இல்லை, உது தோள்மூட்டு என்று அப்பா தமிழில் ஏசினார். இத்தனை மாதத்தில் அவனோடு பேசின முதல் பேச்சு. பெடியனுக்கு என்ன விளங்கியதோ, சரியாய்த் திருப்பினான்.

குவியல்கள் விழுந்தன. எங்களுக்கு. அண்ணை வீட்டுக்கு. கிறிஸ்டா வீட்டுக்கு. பிறகு நாலாவதாய் ஒன்று. இது ஆருக்கு என்று அண்ணை கேட்டார். அப்பா நிமிரவில்லை. லவினியாவுக்கும் இவனுக்கும், வேற ஆருக்கு, அதுகள் தனிய உலை வைக்கப் போகுதுகள்தானே என்றார்.

கத்தி நின்றது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல. தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா தொண்டையைச் செருமினார். உதில எலும்பு காணாது என்று சொல்லி, எங்கள் குவியலில் இருந்து ஒரு நெஞ்செலும்பை எடுத்து அதில் போட்டார்.

வீடு வந்து சேரும்வரை ஒரு கதையும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மனுசன் மறுத்துவிடும்.

மகன், வேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே, அடுத்த கோடைக்கு இப்போதே லீவு கேட்டு வை. எதற்கு என்று அப்பாவிடம் வாய் தவறியும் கேட்காதே. அவர் அதை இன்னும் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அன்பு முத்தங்களோடு,
உன் அம்மா
அன்ரனிற்றா