வாளியா, வழியா

அண்ணே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஊர்சனம் மொத்தமும் உள்ளங்கையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தள்ளும் என்றேன். நீங்கள்தான் சிரித்தீர்கள். இன்று காலை தேக்கா மார்க்கெட் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி துடித்தது. உங்கள் மகள். ஆண்டுப் பூசை இந்த முறை வேறு கோயிலில். "அங்கிள், வி-ஏ-எல்-ஐ தெரியுமா?" வழியைக் கேட்கிறாள் என்று எவனுக்கும் புரியும். நான் மட்டும் தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நம் கிளை நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தமிழ்ப் புத்தகப் பிரிவில் நீங்கள், புத்தக வேன் ஓட்டுபவன் நான். நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் இணைப்புக் கொடுக்க வந்த பொறியாளருக்கு எந்தக் கம்பியை எதில் செருகுவது என்று நான்தான் காட்டினேன். அவர் முன்னமே செருகியிருந்தார் என்பது வேறு விஷயம்.

அதுவரை ஒரு புத்தகம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று கேட்க, போனைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தபின் நீங்கள் இங்கே ஒரு வரி அடித்தால் அங்கே திரையில் பச்சையாக எரியும். தமிழ் எழுத்து அதில் கிடையாது. நீங்களும் கிளைகளில் இருந்த நம் ஆட்களும் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டீர்கள். மேலதிகாரிக்குப் புரியாது என்பது கூடுதல் வசதி.

ஒருநாள் ஒரு கிளையிலிருந்து அந்த நான்கு எழுத்தும், பின்னாலேயே 'அவசரம்' என்றும் வந்தது. ஆன்மாவின் வழி பற்றிய தியானப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வேனில் கொடுத்தனுப்பினீர்கள். போய்ப் பார்த்தால் அங்கே கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. உடனே அந்தக் கிளையில் இருந்த பெண் உங்களைப் போனில் பிடித்தாள்.

"என்னண்ணே, வாளி கேட்டா ஜெபப் புத்தகம் அனுப்பிருக்கீங்க?"

"நனையாம இருக்க ஜெபம் பண்ணும்மா லா" என்றீர்களாம். அந்த வருடம் முழுக்க 'வாளியா, வழியா' என்பதுதான் கிளைகளுக்குள் வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

அப்புறம் வந்தது அந்த மத்தியானம். வாசகர் ஒருவரும் இல்லை. நான் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு வரி எரிந்தது. அதே நான்கு எழுத்து, பக்கத்தில் 'இருக்கா'. அனுப்பிய இடம், சாங்கிப் பக்கத்துப் புதுக் கிளை.

"டேய், சாங்கியில வாளி கேக்குறாங்க. புதுக் கட்டடமுமா ஒழுகுது?"

"அண்ணே, அது இன்னும் திறக்கவே இல்ல. கம்ப்யூட்டர் பெட்டிய இறக்கி வச்சதே நான்தான். ஒட்டுன டேப்புகூடப் பிரிக்கல."

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் வலது கை இடது மார்பில் இருந்தது. சில வாரங்களாக அது அங்கேயேதான் இருந்தது. வாயு என்பீர்கள். டாக்டரிடம் போகச் சொன்னால், "மெடிக்கல்ல கழிச்சுட்டா வேலைய விட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா, மக காலேஜ் முடிக்கட்டும்" என்பீர்கள். அன்று அந்த வரியை மெதுவாக வாய்விட்டுப் படித்தீர்கள்.

"வலி இருக்கா."

வாளியும் இல்லை, வழியும் இல்லை. மூன்றாவதாக ஒரு சொல் அதற்குள் இருந்ததை அதுவரை நாம் இருவரும் நினைக்கவில்லை.

"யாருடா கேக்குறது?" என்றீர்கள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பதில் ஏதும் அடிக்காமல் வரியை அழித்தீர்கள்.

அந்த வாரமே, நான் மார்க்கெட்டில் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தபோது, நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறவர்போல் இருந்தீர்கள். மருத்துவமனை நடைபாதையில் அண்ணி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"தம்பி, அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

டாக்டரிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடம் இருந்தது.

"இல்ல அண்ணி. நான் வரும்போது கம்ப்யூட்டர்ல ஒரு வரி எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. 'வலி இல்லை'ன்னு."

"அவரா அடிச்சாரு?"

"அவரு கை ரெண்டும் மடியில இருந்துச்சு அண்ணி."

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பூசை முடிந்ததும் அண்ணி என்னை உட்காரவைத்துச் சொல்லச் சொல்வார்கள். நானும் சும்மா சொல்வேனா. மின்விசிறி தானாக நின்றது, திரையில் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது என்று சேர்த்துக்கொண்டே போனேன். ஏதாவது விட்டுப்போனால், "பூச்சிய விட்டுட்டீங்களே தம்பி" என்று பிடித்துவிடுவார்கள்.

இந்த ஆண்டு அண்ணி பூசைக்கு வரப்போவதில்லை. படுத்த படுக்கை. போன வாரம் பார்க்கப் போனேன். மகளை வெளியே அனுப்பிவிட்டு அதையே மறுபடி சொல்லச் சொன்னார்கள். இந்த முறை உங்களுக்காகக் கேட்கவில்லை அண்ணே, தனக்காகக் கேட்டார்கள். ஒரு பூச்சி குறையாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். 'வலி இல்லை' என்று எந்த வரியும் வரவில்லை. திரை வெறுமையாக இருந்தது. பூச்சி, மின்விசிறி எல்லாம் என் சரக்குதான்.

ஆனால் அந்தக் கேள்வி என் சரக்கு இல்லை அண்ணே. அது வந்தது. நீங்களும் பார்த்தீர்கள்.