நடுவீட்டு ஈரம்

கோவில்பட்டி
வைகாசி, 1983

அன்பு மகன் சண்முகராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் கல்யாணசுந்தரியும் அப்படியே இருக்க செண்பகவல்லி அம்மன் பார்த்துக்கொள்வாள். உன் கடிதம் வந்தது. படித்து மடித்து வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. உன் அம்மா போனதிலிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை, சோறு போட்டால் சாப்பிடுகிறேன், பாயை விரித்தால் படுக்கிறேன். ஆனாலும் நீ எழுதியிருக்கிற அந்த ஒரு வரிக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

அத்தை உனக்கு எழுதியது எனக்குத் தெரியாது. உன் அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்திருந்தோம். செம்பை எடுத்த பிறகும் அங்கே ஈரம் படர்ந்தது உண்மைதான். காயும், மறுபடி படரும். வெயில் இப்படிக் கொளுத்தும்போது நடுவீட்டுச் சிவப்புத் தரையில் ஈரம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் புரியவில்லை. பெத்த மவன் கையால ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல, தவிச்சுக்கிட்டுக் கெடக்கா என்று அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். நீ அதை நம்பி, அம்மா தாகத்தோடு போனதற்கு நான்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். தந்தி கிடைத்து அவ்வளவு தூரத்திலிருந்து நீ ரயிலேறி வருகிறவரை இந்தக் கோடையில் உடலை எப்படி வைத்திருக்க முடியும், அதில் உன் தப்பு என்ன இருக்கிறது.

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அந்த ஈரத்தை ஒழுங்காகக் கவனித்தேன். குழாயில் தண்ணீர் விடுகிற நாளில்தான் அது படருகிறது, மற்ற நாளில் காய்ந்துவிடுகிறது. தெருவிலிருந்து அடுப்படிக்குப் போகிற குழாயை வீடு கட்டும்போதே நடுவீட்டுக்கு அடியில் பதித்து, அதன்மேல் தரை போட்டிருக்கிறது. குழாய் வேலை பார்க்கிற சுடலைக்கண்ணுவைக் கூட்டி வந்தேன். அவன் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, தெருவுல இருந்து அடுப்படி வரைக்கும் ஒடைச்சாத்தான் தெரியும் அண்ணாச்சி என்றான். உன் அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்த தரை. உடைக்க மனம் ஒப்பவில்லை. ஒப்பாமல் போக எனக்குள் மனம் என்று ஒன்று மிச்சம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

துக்க வீடு என்பதால் வருஷம் திரும்பும் வரை வாசலில் கோலம் கிடையாது. உன் அம்மாவின் கோலப்பொடி டப்பா நிறையக் கிடந்தது. தண்ணீர் வருகிற அன்று அடுப்படிக் குழாயை இறுக மூடிவிட்டு, ஈரம் முதலில் எங்கே தட்டுகிறது என்று பார்க்க அந்தப் பொடியை நிலைப்படியிலிருந்து அடுப்படி வரை மெல்லிசாகத் தூவினேன். ஏலே கருத்தையா, துட்டி வீட்டுக்குள்ள கோலப்பொடியத் தூவுதியே, ஊரு என்ன சொல்லும் என்று அத்தை பதறினாள். நான் காதில் வாங்கவில்லை. சுடலைக்கண்ணுவும் நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பொடி முதலில் கறுத்தது உன் அம்மாவைக் கிடத்திய இடத்தில் இல்லை, நிலைப்படிக்குப் பக்கத்தில் நெல்பெட்டி இருக்கிற மூலையில். அங்கிருந்து கீறல் வழியாக ஈரம் ஊர்ந்து வந்து நடுவீட்டில் நின்றது. அவளைக் கிடத்தியது கொஞ்சம் பள்ளமான இடம், அவ்வளவுதான். மூலையில் மட்டும் கொத்தினோம். உள்ளே மண் சேறாகக் கிடந்தது. கோடையில் கரிசல் மண் வெடித்து இழுத்ததில் குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதைச் சுடலைக்கண்ணு மாற்றிவிட்டான்.

கொழா ஒடைஞ்சதும் அவ செஞ்ச வேலைதான் என்றாள் அத்தை. என்னைவிட மூத்தவளை இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை, அன்றைக்குக் கத்திவிட்டேன். இனிமேல் என் பிள்ளைக்கு இப்படி எழுதக் கூடாது என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீ அவளுக்குக் கோபமாக எதுவும் எழுதிவிடாதே, எனக்குச் சோறு போடுவது அவள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. உன் அம்மா தண்ணீர் கேட்டாள். டம்ளரில் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என் கையைத் தள்ளி, போதும் என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் தாகத்தோடு போகவில்லை சண்முகராஜ்.

கல்யாணசுந்தரிக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் வேலைக்குப் போகும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொள். நான்தான் காரணம் என்று இனி ஒரு கடிதத்திலும் எழுதாதே. நேற்றும் குழாயில் தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இனி அவள் வரமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

இப்படிக்கு
உன் அப்பா
கருத்தையா