உங்கள் தடியில் மூன்றாவது கீறல்

இன்று காலை என் கணவர் முருங்கையிலை பிடுங்கவென்று கராஜுக்குள் போய் உங்கள் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குசினி யன்னலால் கண்டதும் கத்திவிட்டேன்.

"அதை வையுங்கோ! அது முருங்கைத் தடி இல்லை."

"இத்தனை வருஷமா முருங்கைத் தடியாத்தானே கிடந்தது. இப்ப என்ன புதுசா?" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. தடியை வாங்கித் துடைத்துப் பார்த்தேன். நீங்கள் பூசிய மெழுகின் மணம் நடுப் பித்தளைப் பூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கறியை அடுப்பில் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் இருவருக்கும் உடைந்த ஆங்கிலம். ஆனால் நினைக்கும்போது நீங்கள் எங்கள் ஊர்த் தமிழிலேயே எனக்குக் கேட்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

கொழும்பில் எங்கள் வீட்டை எரித்த மறு வருடம், எண்பத்து நான்கில், இந்த நாட்டுக்கு வந்து நான் பரமட்டாவுக்குப் பக்கத்துத் திரைச்சீலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்கள் தையல் மெஷினுக்கு அடுத்தது என்னுடையது. முதல் நாள் தேநீர் நேரம் எந்த நாடு என்று கேட்டீர்கள். இலங்கை என்றேன். "அது சரி, எந்தச் சனம்?" என்றீர்கள். இந்த நாட்டில் அதுவரை என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. தமிழ் என்றேன். "நான் லித்துவேனியா. உலகப் படத்திலை தேடாதை, சோவியத் எண்டு ஒரே நிறமா அடிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்றீர்கள். யுத்தம் முடியும்போது பத்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் நீங்கள். எங்களுக்கு எதிரே ஒரு போலந்துக்காரி இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் ஒரே மேசை.

நாடு கேட்டுப் போகும் ஊர்வலத்துக்கு எல்லோரும் மட்டையில் எழுதிக் கம்பில் ஆணி அடித்துக்கொண்டு வருவார்கள். காற்று வந்தால் எழுத்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நீங்கள் எங்கள் தொழிலின் முறையில் செய்தீர்கள். திரைச்சீலைக்கு மடிப்பதுபோல், எழுதிய துணியின் மேல்விளிம்பை அகலமாக மடித்துத் தைத்து, அதற்குள் தடியைச் செருகித் தொங்கவிட்டீர்கள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், நுனிக்கு ஒருவர். "ஒராள் கையை விட்டால் மற்றாளாலை ஏலாது. அதாலைதான் எனக்கு இது பிடிக்கும்" என்பீர்கள். உங்கள் ஆட்களின் ஊர்வலத்தில் மற்ற நுனியை நான் பிடித்தேன். எங்கள் வீடுகளை எரித்த ஆடி மாத நினைவு நாளில் நீங்கள் பிடித்தீர்கள். துணியை மட்டும் மாற்றுவோம்.

முதலில் உங்களிடம் இருந்தது வெறும் மூங்கில். போலந்தில் பழைய ஆட்சி விழுந்த வருடம், எண்பத்தொன்பதில், இந்தத் தடி வந்தது. நடுவில் பித்தளைப் பூட்டு, கழற்றினால் இரண்டு துண்டாகிப் பைக்குள் அடங்கும். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அதே நாட்களில் நீங்களும் போலந்துக்காரியும் சில நாள் பேசாமல் இருந்தீர்கள். யன்னலோர மெஷினுக்குச் சண்டையாக்கும் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு தொண்ணூற்று ஒன்று. ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்குக் கேக் கொண்டு வந்தீர்கள். இலையுதிர்ந்த மரம்போல முள்ளு முள்ளாக உயர்ந்து நின்ற கேக். உங்கள் நாட்டைத் தனி நாடாக உலக நாடுகள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டிருந்த கிழமை அது. முதல் துண்டை எனக்குத்தான் வெட்டினீர்கள். வாயில் வைத்தேன், தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. டொய்லெட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

அது சந்தோஷக் கண்ணீர் இல்லை. பொறாமை. பச்சைப் பொறாமை. ஏழு வருடம் இரண்டு நுனியையும் பிடித்த இரண்டு பேரில் உங்களுக்கு நாடு கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை. அந்தக் கிழமையும் எங்கள் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் பின்னால் வந்து கதவைத் தட்டி, என்னைக் கட்டிப்பிடித்து, "எனக்காக அழுகிறியே!" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அந்தப் பொய் பதினெட்டு வருடம் என் தொண்டையிலேயே கிடந்தது.

அன்று பின்னேரம் தடியைத் தந்தீர்கள். "எங்களுக்கு இது முடிஞ்சுது. இனி உன்ரை." நன்றி சொல்லி வாங்கினேன். உடுத்துக் களைந்த சீலையைத் தருவதுபோல இருந்தது எனக்கு. நுனியில் சுற்றிவரக் கத்தியால் இழுத்த இரண்டு கீறல்கள் இருந்தன. தொழிற்சாலையில் நீளம் குறித்த அடையாளம் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊர்வலத்துக்கு அதைக் கொண்டுபோகவே இல்லை. கிரவீனில் வீடு வாங்கி முருங்கை நட்டபின், நுனியில் கம்பியால் ஒரு கொக்கி கட்டிக் கொக்கத்தடியாக்கினேன். வேண்டுமென்றுதான் செய்தேன்.

நீங்கள் ஊருக்குப் போய்வந்து படங்கள் காட்டினீர்கள். நீங்கள் பிறந்த வீட்டின் வாசலில், வேறு யாரோ குடியிருக்கும் வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நல்ல படம் என்றேன். ஊரில் எங்கள் வீட்டடிக்கு இராணுவம் எங்களைப் போகவே விடாத காலம் அது. அன்று நீங்கள் எங்கள் பின்வளவில் கொக்கத்தடியைக் கண்டீர்கள். கொக்கியைத் தொட்டுப் பார்த்து, "சும்மா கிடக்கேல்லை, அது போதும்" என்று சிரித்தீர்கள். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்கள் ஆட்கள் அநேகமாக ஊர்வலங்களை விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் எங்களோடு வந்து நின்றீர்கள். அதுகூட எனக்கு எரிந்தது. வென்றவளுக்கு என்ன, தாராளமாக நிற்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் சித்திரையில், ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்துச் சதுக்கத்தில் எங்கள் சனம் நாள்கணக்காக நின்றபோது, எழுபத்து நான்கு வயதில் ஊன்றுகோலோடு வந்தீர்கள். வந்ததும் முதல் கேள்வி, "தடி எங்கை?"

"முருங்கை மரத்தடியிலை."

"கொக்கியைக் கழட்டிப்போட்டு நாளைக்குக் கொண்டு வா."

கழற்றினேன். மறுநாள் இரண்டு துண்டாகப் பையில் வைத்து வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினேன். ஒரு நுனியில் நீங்கள், மற்றதில் நான், வைகாசி வரைக்கும். எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று சனம் நிலத்தில் இருந்து குழறியது. நானும் விழுந்து அழ நினைத்தேன். நீங்கள் உங்கள் நுனியை விடவில்லை, அதனால் நானும் விட முடியவில்லை. அந்தக் கோபத்தில் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

"உங்களுக்கென்ன! உங்களுக்கு எல்லாம் கிடைச்சிட்டுது!"

"ஓம்" என்றீர்கள். எங்களிடம் பழகிய அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே சொன்னீர்கள். "கிடைச்சிட்டுது. அண்டைக்கு டொய்லெட்டுக்குள்ளை நீ எனக்காக அழேல்லை எண்டு அப்பவே தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"போலந்துக்காரி தன்ரை நாடு விடுபட்டதுக்குக் கேக் கொண்டு வந்த நாள் நானும் அதுக்குள்ளைதான் போய் அழுதனான். மூண்டு நாள் அவளோடை கதைக்கேல்லை. பிறகு அவள் இந்தத் தடியைத் தந்தாள். முதல் கீறல் அவள் இழுத்தது. ரெண்டாவது நான்."

மழை பெய்துகொண்டிருந்தது. முகத்தால் தண்ணீர் ஓடியது, மழையா அழுகையா என்று பிரித்துப் பார்க்கவில்லை. "மூண்டாவது எப்ப?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. நானும் தெரிஞ்சுகொண்டு நிக்கேல்லை. கையை உயர்த்து, உன்ரை பக்கம் பணியுது."

ஆவணியில் போய்விட்டீர்கள். உங்கள் ஆட்களின் தேவாலயத்தில் பெட்டியை மஞ்சள், பச்சை, சிவப்புத் துணி மூடியிருந்தது. விளிம்பு மடிப்பைப் பார்த்தேன், உங்கள் தையல். எப்போதோ தைத்து வைத்திருக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அழுதுகொண்டே அப்போதும் பொறாமைப்பட்டேன். சொந்த நாட்டின் கொடிக்குக் கீழே படுக்கக் கொடுத்து வைத்தவர் நீங்கள்.

இப்போது மற்ற நுனியைப் பிடிப்பவள் என்னோடு வேலை செய்யும் ஒரு குர்திஷ்காரி, எங்களைப்போலவே நாடில்லாத சனம். அவளுடைய சனத்தின் நாளில் நான் பிடிக்கிறேன். துணியைத்தான் மாற்றுகிறோம். அவளுக்கு எனக்கு முன்னால் கிடைத்துவிடுமோ என்று இப்போதே ஒரு பயம் இருக்கிறது, சிரிக்காதீர்கள். கொக்கி கட்டிய கம்பியின் தடம் தடியில் மாறாமல் இருக்கிறது. உங்கள் கீறலுக்குப் பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமும் இருக்கிறது.

என் ஆசையைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். முதல் துண்டை அவளுக்கு வெட்ட வேண்டும். அவள் அதை விழுங்க முடியாமல் டொய்லெட்டுக்கு ஓட வேண்டும். நான் பின்னால் போய்க் கதவைத் தட்டி, கட்டிப்பிடித்து, ஒன்றும் தெரியாதவள்போல, "எனக்காக அழுகிறியே!" என்று சொல்ல வேண்டும்.

பின்னேரம் தடியைக் கொடுப்பேன்.