மச்சானின் பிறேக் கம்பி

செவ்வாய், இரவு.

பின்னேரம் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். ஒரு செத்தவீட்டில் ஊருக்கு முன்னால் என்னைப் 'படிச்ச விசரன்' என்றவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவர் விறாந்தையில் தேநீர் குடிக்க, முற்றத்தில் நின்ற அவருடைய மவுண்டன் சைக்கிளைப் பார்த்தேன். முன்பிறேக் கம்பி நைந்து ஓரிரு இழையில் நின்றது. பிறேக் கட்டைகளும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பஸ் நிலையத்தைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

"கொண்ணைக்குச் சொல்லு, உதிலை போனால் பஸ்ஸுக்குக் கீழைதான்" என்று மனைவியிடம் உரத்துச் சொன்னேன்.

"அவரிட்டைச் சொல்லு பிள்ளை, சைக்கிள் ஓடுறதுக்கு வாங்கினது, நிப்பாட்ட இல்லை" என்றார் அவர், அவளிடமே.

"ரெண்டு பேரும் நேரை கதையுங்கோ. எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு." அவள் கோப்பைகளோடு உள்ளே போய்விட்டாள்.

இனிச் சொல்ல ஆளில்லை. என் சைக்கிளிலிருந்து கம்பியையும் கட்டைகளையும் கழற்றி அவருடையதில் பூட்டினேன். அவருக்காக அல்ல. செத்தால் அழப்போவது என் வீட்டில்தான்.

அவர் இறங்கி வந்தார். சைக்கிளை முன்னே தள்ளி, பிறேக்கை அழுத்தினார். பின்சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பியது.

"இப்ப நல்லாப் பிடிக்குது" என்றார்.

முற்றத்தில் நானும் நாயும்தான் நின்றோம். நாயிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.